வகுப்பறைக்கு வெளியே ஓர் ஆசிரியர்

2021 மே 29 அன்று, 92 வயதில், நம்மைப் பிரிந்தார் பேராசிரியர் மு. ஆனந்தகிருஷ்ணன். கிண்டியில் பொறியியல் படித்து, கான்பூர் ஐஐடியில் பாடம் நடத்தி, அண்ணா பல்கலைக்கழகத் துணைவேந்தராக உயர்ந்தவர். அவர் வகுப்பில் உட்கார்ந்தவர்கள் மட்டும்தான் அவருடைய மாணவர்களா? இல்லை என்பேன். ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் மீன்பிடி, துறைமுகம், ஆலை என்று உழைக்கும் வீடுகளிலிருந்து 2007க்குப் பிறகு பொறியியல் படிக்கப் போன பிள்ளைகளும் அவர் மாணவர்களே. பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் சேர நுழைவுத் தேர்வு வேண்டுமா என்று ஆராய 2006இல் அமைந்த குழுவுக்குத் தலைவர் அவர்தான். அந்தக் குழுவின் பரிந்துரையையொட்டி வந்த சட்டம், பிளஸ் டூ மதிப்பெண்ணே போதும் என்றது. தனிப் பயிற்சிக்குப் பணம் கட்ட முடிந்த வீட்டுக்கு இருந்த முன்னுரிமை அத்தோடு போயிற்று.

மனப்பாடம் செய்தவரெல்லாம் உள்ளே வந்துவிடுவாரே, தரம் என்னாவது என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கவலைதான். ஆனால், குறை பாடத்திட்டத்தில் இருந்தால் அதைத்தான் திருத்த வேண்டும்; பிள்ளைகள் தலையில் இன்னொரு தேர்வை ஏற்றி வைப்பது மருந்தாகாது. பாடத்திட்டத்தைத் திருத்த வேண்டும் என்பதை அவர் வாதமாக மட்டும் விட்டுவிடவில்லை என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. 2017இல், 90 வயதை நெருங்கும்போது, பள்ளிப் பாடத்திட்டத்தை மாற்றும் குழுவுக்கும் தலைமை ஏற்றார். மறு ஆண்டே புதிய புத்தகங்கள் எண்ணூர்ப் பிள்ளைகளின் பைகளுக்கு வந்து சேர்ந்தன.