வேலை முடிந்த பிறகும் பிரேக் பெடல் ஏன் உள்ளே போகிறது?

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

தண்ணீர் மோட்டார் விவகாரத்துக்கு முன்னால் எனக்குப் பதினைந்து நிமிடம் என்று செயலாளர் சொல்லிவிட்டார். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நம் பார்க்கிங்கில் நிற்கும் கார்களில் பதினைந்து வயதைத் தாண்டியவை நாலைந்து இருக்கின்றன. பதிவைப் புதுப்பிக்க எஃப்.சி. காட்ட வேண்டும் என்பதால் ஒவ்வொருவராக பிரேக் வேலை பார்த்துக்கொண்டு வருகிறார்கள். போன மாதம் இங்கே ஒருவருடைய மாருதி 800-க்கு முன்பக்க பேட், பின்பக்க வீல் சிலிண்டர் இரண்டையும் மாற்றினார்கள். வண்டி வீட்டுக்கு வந்ததும் பெடல் பஞ்சு மாதிரி. முக்கால்வாசி உள்ளே போன பிறகுதான் பிடிக்கிறது. கேட்டால், "ஓட்ட ஓட்டச் சரியாகிவிடும் சார்" என்று பதில். புது பேட் டிஸ்க்கில் படிய கொஞ்ச தூரம் ஓட வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் அதற்காகப் பெடல் தரையைத் தொடப் போகாது. அரியலூர் ரோட்டில் சுண்ணாம்புக்கல் லாரி முன்னால் போகும்போது இந்தச் சமாதானம் உதவாது. நம் பார்க்கிங் சரிவில் பிள்ளைகள் சைக்கிள் விடுவதையும் நினைத்துப் பாருங்கள்.

பிரேக் ஆயிலை அழுத்திச் சுருக்க முடியாது. காலில் கொடுக்கும் அழுத்தம் அப்படியே நான்கு சக்கரத்துக்கும் போகிறது. காற்று சுருங்கும். குழாயைக் கழற்றி மாட்டும்போது உள்ளே ஒரு குமிழி தங்கினாலும், பெடலின் பயணம் அதைச் சுருக்குவதிலேயே செலவாகிவிடும். இது எல்லா மெக்கானிக்குக்கும் தெரியும். சிக்கல் என்னவென்றால், பெடல் இறங்கினாலே "ஏர்தான்" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். மூன்று முறை ஏர் எடுத்தும் சரியாகாமல் தலையைச் சொறிகிறார்கள்.

வண்டியை நகர்த்தாமல், சீட்டில் உட்கார்ந்தபடியே பாதியைக் கண்டுபிடித்துவிடலாம். சமதளத்தில் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். இஞ்சினை நிறுத்திவிட்டு நாலைந்து முறை மிதியுங்கள். மிதிக்க மிதிக்கப் பெடல் மேலே வந்தால் ஒன்று காற்று இருக்கிறது, இல்லையென்றால் பின்சக்கர ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி அதிகம். இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி உண்டு. ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுத்துவிட்டு மறுபடி ஒரே ஒரு மிதி. இப்போது பெடல் தெளிவாக உயரத்தில் நின்றால் குற்றம் ஷூ இடைவெளியில்தான். ஏனென்றால் ஹேண்ட் பிரேக் ஷூவை டிரம் பக்கம் தள்ளிவிட்டது.

நம் மாருதியில் அதுதான் நடந்தது. தானாகச் சரிசெய்துகொள்ளும் பல் துருவேறி இறுகிப்போயிருந்தது. டிரம்மைக் கழற்றி, சுத்தம் செய்து, சக்கரம் லேசாக உரசும் அளவுக்கு வைத்ததும் பெடல் பாதி சரியாயிற்று.

மீதிப் பாதி காற்று. ஏர் எடுக்க இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் மிதித்துப் பிடிக்க, மற்றவர் நிப்பிளைத் திறந்து, ஆயில் வந்ததும் மூட வேண்டும். மூடிய பிறகுதான் காலை எடுக்க வேண்டும். முந்தினால் காற்று திரும்ப உள்ளே போய்விடும். நம் ஊர் வண்டிகளில் மாஸ்டர் சிலிண்டர் வலது பக்கம் இருப்பதால் பொதுவாகத் தூரத்தில் உள்ள இடது பின்சக்கரத்தில் தொடங்குவார்கள். வண்டியின் புத்தகத்தில் வேறு வரிசை இருந்தால் அதுதான் சரி. மேலே டப்பாவில் ஆயில் வற்றவே கூடாது. காலிப்பரைக் கழற்றி மாட்டியிருந்தால் நிப்பிள் மேல்பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். இடது, வலது மாறிப் போனால் நிப்பிள் கீழே வந்துவிடும். காற்று மேலே தங்கும். விடிய விடிய ஏர் எடுத்தாலும் போகாது.

இப்போது பலரும் கவனிக்காத விஷயத்துக்கு வருகிறேன். ஏர் எடுக்கும்போது பெடலைத் தரை வரை மிதிப்பது பழைய வண்டிக்கு ஆகாது. மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் வாஷர் இத்தனை வருஷமாக ஒரு குறிப்பிட்ட தூரம்தான் போய் வந்திருக்கிறது. அதற்கு அப்பால் துருவும் கசடும். தரை வரை மிதித்தால் வாஷர் அந்தச் சொரசொரப்பில் உரசிக் கிழியும். அதனால் பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைத்துவிடுங்கள். மாருதிக்கு முதல் பட்டறையில் கட்டை வைக்கவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. நாங்கள் காற்றை எடுத்த இரண்டாம் நாள், சிக்னலில் காலை வைத்துப் பிடித்திருக்கும்போதே பெடல் மெதுவாக இறங்கியது. டப்பாவில் ஆயில் குறையவில்லை, எந்தச் சக்கரத்திலும் ஈரம் இல்லை. அப்படியென்றால் ஆயில் வாஷரைத் தாண்டி உள்ளுக்குள்ளேயே திரும்புகிறது. மாஸ்டர் சிலிண்டரை மாற்றிய பிறகுதான் பெடல் கல் மாதிரி நின்றது. ஒன்று சொல்ல வேண்டும்: இஞ்சினை ஸ்டார்ட் செய்யும்போது பெடல் லேசாக இறங்கினால் பயப்பட வேண்டாம், அது பூஸ்டர் வேலை செய்வதன் அடையாளம்.

ஆயில் விஷயத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 3 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி. ஈரம் ஏறினால் அது 140 வரை இறங்கலாம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் இந்த வித்தியாசம் தெரியும். ஆயில் கொதித்து ஆவியானால் அதுவும் காற்று மாதிரிதான். போன வருஷம் திறந்து வைத்த பாதி டப்பாவை ஊற்ற வேண்டாம். இஞ்சின் ஆயிலோ பெட்ரோலோ ரப்பரில் பட்டால் ஊதிப்போகும்.

ஏபிஎஸ் உள்ள வண்டி என்றால் சிலவற்றில் கம்ப்யூட்டர் மாட்டித்தான் காற்றை எடுக்க முடியும். அதை வீட்டில் முயல வேண்டாம்.

ஒரு அம்மா கேட்டார்கள்: "பெடல் இறங்குகிற வண்டியைப் பட்டறை வரை மெதுவாக ஓட்டிப் போகலாமா?" கூடாதம்மா. மெக்கானிக்கை இங்கே வரச் சொல்லுங்கள், இல்லையென்றால் வண்டியைத் தூக்கிப் போகச் சொல்லுங்கள். ஏர் எடுக்கும்போது பெடல் மிதிக்க ஆள் வேண்டும் என்றால் ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் கீழேதான் இருப்பேன். மரக்கட்டையும் என்னிடம் இருக்கிறது.