எழுதிக்கொண்டே இருங்கள், தேடி வருவார்கள்

(நம் நலச்சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



குடிநீர்க் குழாய், தெருவிளக்கு, குப்பை வண்டி எல்லாம் பேசி முடித்த பிறகு என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். சுண்டல் ஆறுவதற்குள் முடித்துவிடுகிறேன்.

போன கூட்டத்தில் மூன்றாவது தெருவிலிருந்து ஒரு தங்கச்சி என்னிடம் கேட்டது. "சார், நானும் நம்ம ஊரைப் பத்தி இணையத்துல எழுதுறேன். சொந்தக்காரங்க பத்துப் பேர் படிக்கிறாங்க. அதுக்கு மேல யாரும் வரமாட்டேங்கிறாங்க. உங்களுக்கு மட்டும் எங்கெங்கயோ இருந்து ஆள் வருதே, எப்படி?" அதற்குப் பதில்தான் இந்தப் பேச்சு.

நான் கணினி படித்தவன் இல்லை. தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆனால் தபால் பிரித்த அனுபவம்தான் இதற்குக் கைகொடுத்தது. "கூடலூர்" என்று மட்டும் எழுதி ஒரு கடிதம் வந்தால் என்ன செய்வது? நமக்குக் கம்பத்துக்குத் தெற்கே ஒரு கூடலூர் இருக்கிறது. நீலகிரியிலும் ஒரு கூடலூர் இருக்கிறது. 1972 ஆகஸ்ட் 15-ல் பின்கோடு வந்த பிறகு 625 என்று ஆரம்பித்தால் நம் பக்கம், 643 என்று ஆரம்பித்தால் நீலகிரி என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும். அதை எழுதாமல் விட்ட கடிதம் மலையேறி இறங்கித்தான் வரும்.

இணையத்தில் எழுதுவதும் அப்படித்தான். எழுதுகிற நமக்கு ஊர் தெரியும். தேடித் தருகிற கூகுளுக்குத் தெரியாது. "கம்பம்" என்று தலைப்பு வைத்தால் அதற்கு மின்கம்பமும் கம்பம்தான், கொடிக்கம்பமும் கம்பம்தான். ஆந்திராவில் பெரிய ஏரியோடு இன்னொரு கம்பமே இருக்கிறது. தேனியைத் தேடினால் பூச்சி வருகிறது. போடி என்று தட்டினால் என்னென்ன வரும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதனால் முதல் வேலை, தலைப்பிலும் முதல் பத்தியிலும் முழு விலாசம் எழுதுவது. "கூடலூர், தேனி மாவட்டம்", "போடிநாயக்கனூர் ஏலக்காய்", "கம்பம் பள்ளத்தாக்கு திராட்சை" என்று எழுதுங்கள். அந்தத் தங்கச்சியின் கட்டுரை ஒன்றுக்கு "பச்சை வைரங்கள்" என்று தலைப்பு. ஏலக்காயைப் பற்றி அருமையான கட்டுரை. ஆனால் ஏலக்காயைத் தேடுகிற எவரும் பச்சை வைரம் என்று தேடமாட்டார்களே!

இரண்டாவது, அவர்கள் கேட்கிற மாதிரியே எழுதுவது. இப்போது பலர் தட்டச்சு செய்வதில்லை, போனிடம் வாயால் கேட்கிறார்கள். "சுருளி அருவில இப்ப தண்ணி வருதா?", "மேகமலைக்குப் போக அனுமதி வேணுமா?", "பன்னீர் திராட்சை எப்ப கிடைக்கும்?" என்றுதான் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியைத் துணைத்தலைப்பாக வைத்து, அடுத்த இரண்டு வரியில் பதிலைச் சொல்லிவிடுங்கள். வரலாறும் வர்ணனையும் அதற்குப் பிறகு வரட்டும். ஆனால் "கம்பம் திராட்சை" என்ற சொல்லை வரிக்கு வரி திணிக்காதீர்கள். அந்தத் தந்திரத்தைக் கூகுள் கண்டுபிடித்துப் பின்னால் தள்ளிவிடும். படிக்க வந்தவரும் இரண்டாவது பத்தியிலேயே போய்விடுவார்.

மூன்றாவது, தேடினால் அகப்படுகிற எழுத்தில் எழுதுவது. நம் சங்க அறிவிப்புகளை நாம் எப்படிப் போடுகிறோம்? தாளில் அச்சடித்து, அதைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடுகிறோம். அது படம். அதை நம்பித் தேட முடியாது. பழைய பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்தது இன்னும் மோசம். கண்ணுக்குத்தான் தமிழ், உள்ளே இருப்பதெல்லாம் ஆங்கில எழுத்துகள். யூனிகோடில் இருப்பதுதான் தேடலில் தமிழாக அகப்படும். தமிழக அரசே 2010-ல் யூனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்டது. உங்கள் வீட்டுப் பெட்டியில் பாமினியில் கிடக்கும் கோப்புகளை மாற்றித் தரும் மென்பொருள்கள் இலவசமாகவே இருக்கின்றன.

இதெல்லாம் ஒரு மாதத்தில் கற்றுக்கொள்ளலாம். கற்றுக்கொண்டும் பலர் ஆறு மாதத்தில் நிறுத்திவிடுகிறார்கள். ஏனென்றால் எழுதிய அன்றே ஆள் வரும் என்று எதிர்பார்க்கிறார்கள். தேடி வருகிறவர் நாம் எழுதிய அன்றைக்கு வருவதில்லை, அவருக்குத் தேவைப்படுகிற அன்றைக்குத்தான் வருவார். அது அடுத்த வாரமாகவும் இருக்கலாம், அடுத்த ஆடியாகவும் இருக்கலாம். அதுவரை நாம் எழுதிக்கொண்டிருக்க வேண்டும்.

இப்படி எழுதிக்கொண்டே இருந்தவர்களைத் தேடி வெளியூர் போக வேண்டாம். தேனி எம். சுப்பிரமணி அவர்கள் 2006 ஜூனில் தேனியிலிருந்து 'முத்துக்கமலம்' என்ற இணைய இதழை ஆரம்பித்தார். மாதம் இருமுறை என்று வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் நடத்தினார். அப்போது நம் பக்கம் எத்தனை வீட்டில் இணையம் இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். அதோடு தமிழ் விக்கிப்பீடியாவில் நிர்வாகியாக இருந்து எழுதினார். அதைப் பற்றித் தமிழில் ஒரு புத்தகமும் 2010-ல் கொண்டுவந்தார்.

அந்தத் தமிழ் விக்கிப்பீடியாவின் கதையும் இதுதான். 2003-ல் அது தொடங்கியபோது கிட்டத்தட்டத் தனி ஆளாக எழுதிக்கொண்டிருந்தவர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த இ. மயூரநாதன். வளைகுடாவில் கட்டடக் கலைஞராக வேலை பார்த்துக்கொண்டே எழுதினார். இதுவரை 4000 கட்டுரைகளுக்கு மேல் தொடங்கியிருக்கிறார். எழுத்தாளர் ஜெயமோகன் 2014 ஜனவரி 1-ல் தொடங்கி 2020 ஜூலை வரை தன் இணையதளத்தில் நாள்தோறும் ஓர் அத்தியாயமாக 'வெண்முரசு' எழுதி 26 நாவல்களில் முடித்தார். நாம் அவர்கள் அளவுக்குப் போக வேண்டாம். மாதம் இரண்டு கட்டுரை போதும். ஆனால் அந்த இரண்டு தவறக்கூடாது.

"மாதம் இரண்டு எழுத விஷயத்துக்கு எங்கே போவது?" என்று கேட்பீர்கள். இந்தப் பள்ளத்தாக்கே ஒரு காலண்டர். சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழா. ஜூன் மாதம் பெரியாறு அணையிலிருந்து முதல் போகத்துக்குத் தண்ணீர் திறப்பதைக் கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கரும் எதிர்பார்த்துக் கிடக்கும். ஆடியில் குச்சனூர் சனீஸ்வரர் கோயில், ஆடி அமாவாசைக்குச் சுருளியில் தர்ப்பணம். கார்த்திகை பிறந்தால் ஐயப்ப பக்தர்களின் வண்டிகள். அப்போது கம்பம்மெட்டு வழியா, குமுளி வழியா என்று ஊரெல்லாம் கேட்கும். பொங்கலன்று லோயர் கேம்ப்பில் பென்னிகுயிக் பிறந்தநாள். திராட்சையோ, ஆண்டு முழுக்க ஏதாவது ஒரு தோட்டத்தில் அறுவடையில் இருக்கும். 2023-ல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு அதைத் தேடுகிற வெளியூர்க்காரரும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு மாதம் முன்னாலேயே எழுதிவிடுங்கள். கூகுள் வந்து பார்த்துக் கணக்கில் சேர்த்துக்கொள்ள அவகாசம் வேண்டும்.

எதை எழுதினால் ஆள் வருகிறது என்று தெரிந்துகொள்ள 'சர்ச் கன்சோல்' என்று கூகுளே இலவசமாக ஒரு வசதி வைத்திருக்கிறது. எந்தச் சொல்லைத் தேடியவர்களுக்கு நம் கட்டுரை காட்டப்பட்டது, அதில் எத்தனை பேர் உள்ளே வந்தார்கள் என்று அதில் பார்க்கலாம். நான் அதைத் தினமும் பார்ப்பதில்லை, மாதம் ஒருமுறைதான். எழுதாத விஷயத்தை யாராவது தேடியிருந்தால் அடுத்த கட்டுரை அதுதான்.

இனி நான் செய்த ஒரு தப்பைச் சொல்ல வேண்டும். உண்மையில் இதைச் சொல்லத்தான் நான் இன்றைக்கு மேடையேறச் சம்மதித்தேன்.

மதுரை–போடி மீட்டர்கேஜ் ரயில் 2010 கடைசியோடு நின்றது உங்களுக்குத் தெரியும். அகலப்பாதை வேலை இழுத்துக்கொண்டே போன காலத்தில், "சென்னையிலிருந்து போடிக்கு எப்படி வருவது?" என்று ஒரு கட்டுரை எழுதினேன். ரயில் கிடையாது, மதுரையில் இறங்கி ஆரப்பாளையத்தில் பஸ் ஏறுங்கள் என்று எழுதியிருந்தேன். எழுதியபோது அது சரி. 2022 மே மாதம் தேனி வரைக்கும் ரயில் வந்தது. 2023 ஜூன் 15-ல் போடிக்கே வந்தது, சென்னையிலிருந்து நேராகவும் ஒரு ரயில் விட்டார்கள். நானும் ஸ்டேஷனுக்குப் போய் வேடிக்கை பார்த்துக் கைதட்டிவிட்டு வந்தேன். ஆனால் என் கட்டுரையைத் திருத்தவில்லை. மறந்தே போனேன்.

சில மாதம் கழித்து சென்னையிலிருந்து ஒருவர் எனக்கு எழுதினார். போடியில் அவருடைய தாய்மாமன் கேதம். முழங்கால் முடியாத அம்மாவைக் கூட்டிக்கொண்டு, என் கட்டுரையைப் பார்த்து, மதுரையில் இறங்கி, ஆட்டோ பிடித்து ஆரப்பாளையம் போய், பஸ்ஸில் இடமில்லாமல் நின்று வந்திருக்கிறார்கள். வந்து சேர்ந்தபோது எடுத்துவிட்டார்களாம். "அம்மாவுக்கு அண்ணன் முகம் பார்க்கக் கிடைக்கவில்லை. போடி வரைக்கும் ரயில் ஓடுகிறது என்று இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது. கட்டுரையை மாற்றிவிடுங்கள் அய்யா" என்று எழுதியிருந்தார். ஒரு வார்த்தை கோபமாக இல்லை. கோபப்பட்டிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

ரயிலில் வந்திருந்தால் நேரத்துக்குப் போயிருப்பார்களா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்த அம்மா அந்த வயதில் பஸ்ஸில் நின்றிருக்க வேண்டாம். தேடலில் என் கட்டுரை முதலில் வருகிறது என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். முதலில் வந்ததனால்தானே அவர் அதை நம்பினார்?

அன்றைக்கு ராத்திரியே திருத்தினேன். அதன்பிறகு ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். திராட்சைக்குக் கவாத்து செய்கிறோம் இல்லையா? பழைய கிளையை வெட்டிவிட்டால்தான் அடுத்த காய்ப்பு. அதேபோல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதிதாக எதுவும் எழுதாமல் பழைய கட்டுரைகளை மட்டும் எடுத்துப் படிக்கிறேன். பஸ் நேரம், அனுமதி, கட்டணம், போகும் வழி, இவை எல்லாவற்றையும் விசாரித்துத் திருத்துகிறேன். மேலே "கடைசியாகச் சரிபார்த்த தேதி" என்று போடுகிறேன். என்னால் சரிபார்க்க முடியாததை எடுத்துவிடுகிறேன். அப்படித் திருத்திய கட்டுரைகளுக்குத்தான் இப்போது அதிகம் பேர் வருகிறார்கள். வராவிட்டாலும் திருத்தத்தான் செய்வேன்.

இன்னொன்றும் உண்டு. இப்போது தேடினால் கூகுளே மேலே ஒரு பதிலைத் தொகுத்துக் காட்டிவிடுகிறது. பலர் அதைப் படித்துவிட்டு உள்ளே வருவதே இல்லை. அப்படியானால் எதற்கு எழுத வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். அந்தப் பதில் எங்கிருந்து வருகிறது? யாரோ எழுதி வைத்ததிலிருந்துதான். நாம் எழுதாவிட்டால், நம் ஊருக்கே வராத ஒருவர் நாலு இடத்தில் பார்த்து எழுதியதுதான் நம் ஊராக இருக்கும். நீலகிரிக் கூடலூரையும் நம் கூடலூரையும் ஒன்றாகக் குழப்பியதை நானே பார்த்திருக்கிறேன்.

நம் குடியிருப்பிலேயே திராட்சைத் தோட்டம் வைத்திருந்தவர்கள் இருக்கிறீர்கள். ஏலக்காய் எஸ்டேட்டில் கணக்கெழுதியவர் இருக்கிறார். மீட்டர்கேஜ் ரயிலில் தினமும் பள்ளிக்கூடம் போன அக்கா முன்வரிசையிலேயே இருக்கிறார்கள். இவர்களுக்குத் தெரிந்தது எந்தத் தேடலிலும் வராது, ஏனென்றால் அதை யாரும் இன்னும் எழுதவில்லை. எழுத வராதவர்கள் சொல்லுங்கள், பிள்ளைகள் போனில் பதிவு செய்து எழுதட்டும்.

தங்கச்சிக்குச் சொல்கிறேன். அந்த "பச்சை வைரங்கள்" கட்டுரையை நிறுத்தாதே. "போடி ஏலக்காயைத் தரம் பார்த்து வாங்குவது எப்படி?" என்று தலைப்பை மட்டும் மாற்று. அடுத்த மாதம் இரண்டு, அதற்கடுத்த மாதம் இரண்டு. அடுத்த கூட்டத்தில் நீ மேடையில் இரு, நான் கீழே உட்கார்ந்து சுண்டல் சாப்பிடுகிறேன்.