விமானி அறையின் சிறு விளக்குகள்

விமானி அமரும் அறையில் சிறு விளக்குகள் பல உண்டு. அவை அழகுக்காக அமைந்தவை அல்ல. ஒவ்வொன்றும் ஒரு செய்தியைச் சொல்லுவதற்காக அமைந்தது. இந்நாளில் ஆர்வமுள்ள இளைஞர் பலர், கணிப்பொறியின் துணைகொண்டு, தம் வீட்டிலேயே விமானி அறையைப் போன்றதோர் அமைப்பைச் செய்து, பறக்கும் முறையைப் பழகுகின்றனர். மரப்பலகையையும் தகட்டையும் கொண்டு கருவிப் பலகையை அமைத்துவிடலாம். அதில் பதிக்கும் விளக்குகளைத் தேர்ந்தெடுப்பது எவ்வாறு? இதுவே இன்று நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

முதலில் நிறத்தைக் காண்போம். சிவப்பு, உடனே செயற்படுக என்னும் எச்சரிக்கை. செம்மஞ்சள், விழிப்பாயிரு என்னும் அறிவிப்பு. பச்சை, எல்லாம் செவ்வனே உள்ளது என்னும் உறுதி. தரையிறங்கும் சக்கரம் முற்றும் இறங்கிப் பூட்டிக்கொண்டது என்பதைப் பச்சை விளக்கே சொல்லும். சிவப்பையும் செம்மஞ்சளையும் எதற்குப் பயன்படுத்தலாம் என்பதை விமான விதிகளே வரையறுத்துள்ளன. ஆதலின் கையில் கிடைத்த நிறத்தைப் பதித்துவிடுவது பொருந்தாது. சிவப்பை அலங்காரமாகப் பதித்தவன், நாளடைவில் அதைக் கண்டும் காணாதிருக்கப் பழகிவிடுவான்.

இழை விளக்குகளுக்கு மாற்றாக இன்று நமக்குக் கிடைப்பது எல்.ஈ.டி. எனப்படும் ஒளி உமிழும் டயோடு. கண்ணுக்குப் புலனாகும் சிவப்பொளி தரும் எல்.ஈ.டி.யை 1962-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் நிக் ஹோலன்யாக் உருவாக்கினார். ஒளி மிக்க நீல எல்.ஈ.டி. கிட்டுவதற்கு மேலும் முப்பது ஆண்டுகள் சென்றன. அதனை ஆக்கிய அகசாகி, அமானோ, நகாமுரா ஆகிய மூவருக்கும் 2014-இல் பௌதிகத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

எல்.ஈ.டி.யின் இயல்பு ஒன்றை மறத்தல் கூடாது. குறிப்பிட்ட மின்னழுத்தத்தை அடையும் வரையில் அது வாளாவிருக்கும்; அதைக் கடந்ததும் மின்னோட்டம் கட்டுக்கடங்காமல் பெருகும். எனவே ஒவ்வொரு விளக்குக்கும் தனித்தனியே ஒரு மின்தடை வேண்டும். சிவப்பு, செம்மஞ்சள் விளக்குகளுக்கு ஏறத்தாழ 2 வோல்ட்டும், நீலம், வெள்ளை விளக்குகளுக்கு ஏறத்தாழ 3 வோல்ட்டும் தேவை. 5 வோல்ட் மின்வழங்கியில் சிவப்பு விளக்கை 10 மில்லிஆம்பியரில் எரிக்க விரும்பினால், எஞ்சும் 3 வோல்ட்டை 0.01 ஆம்பியரால் வகுத்திடுக. 300 ஓம் என விடை வரும். கடைகளில் எளிதாகக் கிடைக்கும் 330 ஓம் மின்தடை இதற்குப் போதும்.

முப்பது விளக்குகள் ஒருங்கே எரிந்தால் 300 மில்லிஆம்பியர் ஆகும். ஆர்டுவினோ யூனோ பலகையின் நுண்கட்டுப்படுத்தி தாங்கக்கூடிய மொத்த எல்லை 200 மில்லிஆம்பியரே. ஆகவே விளக்குகளுக்கான மின்சாரத்தை வேறு வழியாகச் செலுத்தி, இடையே டிரான்சிஸ்டரை வைத்து இயக்குவதே முறை.

அடுத்து, ஒளியின் அளவு. விற்போர் மில்லிகேண்டெலாக் கணக்கில் பெரிய எண்களைக் காட்டுவர். அவ்வெண்ணைக் கண்டு மயங்குதல் வேண்டா. அது ஒரு திசையில் செல்லும் ஒளியின் செறிவையே குறிக்கும். அதே ஒளியைக் குறுகிய கூம்பாகக் குவித்தால் எண் பெருகும். மொத்த ஒளி பெருகாது. தலைக்கு மேலுள்ள பலகையை விமானி நேராகப் பார்ப்பதில்லை, சாய்வாகவே பார்க்கிறான். 20 பாகைக்குள் ஒளியைக் குவிக்கும் விளக்கு அவனுக்கு மங்கியே தோன்றும். 60 பாகைக்கும் அகன்று ஒளி பரப்பும், பனிபடர்ந்தாற்போன்ற மேற்புறம் உடைய விளக்கே ஏற்றது. தெளிந்த முகப்புடைய விளக்குத்தான் கிடைத்தது என்றால், அதன் தலையை நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்துக்கொள்ளலாம். எழுத்துப் பொறித்த தகட்டின் பின்னே வைக்கும்போதும், எல்லா எழுத்துக்களும் ஒரே சீராக ஒளிர்வதற்கு இதுவே வழி.

நிறத் தகட்டின் பின்னே வைக்கும் விளக்கிலும் கவனம் தேவை. சிவப்பு எல்.ஈ.டி.யில் பச்சைக் கதிர் இல்லை. ஆதலின் பச்சைத் தகட்டின் பின்னே அதை வைத்தால் இருளே மிஞ்சும். தகட்டின் நிறத்தையே கொண்ட விளக்கை வைத்திடுக. அன்றேல் வெள்ளை விளக்கை வைத்திடுக.

ஒளியின் அளவும் ஒரு செய்தியாக அமைவதுண்டு. போயிங் 737 விமானத்தில் என்ஜினின் எரிபொருள் வால்வைக் குறிக்கும் நீல விளக்கு, வால்வு மூடியிருக்கையில் மங்கலாகவும், அது நகர்ந்துகொண்டிருக்கையில் பளிச்சென்றும் எரியும். வால்வு திறந்ததும் அணைந்துவிடும். இவ்விளக்கை மங்கவும் ஒளிரவும் செய்ய இயலாவிட்டால் செய்தியில் ஒரு பகுதி மறைந்துபோம்.

எரியாத விளக்கும் செய்தி சொல்லும். ஆனால், இயந்திரம் பழுதா, விளக்கே பழுதா என்பதை அது சொல்லாது. 1972 டிசம்பர் 29-ஆம் நாள் இரவு, ஈஸ்டர்ன் நிறுவனத்தின் டிரைஸ்டார் விமானம் ஒன்று மயாமி நகரை நெருங்கியது. முன்சக்கரத்துக்குரிய பச்சை விளக்கு எரியவில்லை. விமானிகள் 2,000 அடி உயரத்தில் பறந்தவாறே அதனை ஆராய்வதில் ஈடுபட்டனர். தானியங்கியின் உயரம் காக்கும் பிடி நழுவி, விமானம் மெல்லத் தாழ்ந்ததை ஒருவரும் கவனித்திலர். அது சதுப்பு நிலத்தில் வீழ்ந்தது. அதில் இருந்த 176 பேரில் 101 பேர் மாண்டனர். பின்னர் ஆராய்ந்தபோது சக்கரம் சரியாக இறங்கியிருந்தமை தெரியவந்தது. விளக்கினுள் இருந்த சிறு பல்புகள் இரண்டும் கருகியிருந்தன.

எல்.ஈ.டி. நெடுங்காலம் உழைக்கும் என்பது உண்மையே. எனினும் பற்றவைத்த இணைப்பு விட்டுப்போகலாம், கம்பி அறுந்துபோகலாம். ஆகவே, மாணவர்களே, விளக்குகள் அனைத்தையும் ஒருசேர எரித்துச் சோதிக்கும் பொத்தான் ஒன்றை உங்கள் பலகையில் மறவாமல் அமையுங்கள். புறப்படுமுன் நாள்தோறும் அதை அழுத்திப் பாருங்கள். பறக்கும்போது ஒரு விளக்கு எரியாமற்போனால், அதனை ஆராயுங்கள். ஆனால், உயரம் காட்டும் கருவியின்மேல் ஒரு கண் எப்போதும் இருக்கட்டும். வீட்டில் செய்த பலகையின் முன்னே இப்பழக்கத்தைக் கற்றுக்கொண்டவன், பிற்காலத்தில் உண்மை விமானத்தில் அமர்ந்தாலும் அதைக் கைவிடமாட்டான்.