புது வண்டியும் உப்புக் காற்றும்

புதிதாக அறிமுகமாகும் ஒரு மோட்டார் சைக்கிள், தொழிற்சாலைச் சோதனையில் எத்தனை தூரம் ஓடியிருந்தாலும், அதன் உறுதி முழுமையாகத் தெரியவருவது பல்லாயிரம் பேர் பலவகைச் சாலைகளில் அதை ஓட்டிய பிறகுதான்.

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ராயல் என்ஃபீல்டு நிறுவனம் 2020 நவம்பரில் மீட்டியோர் 350 என்ற புதிய வண்டியை வெளியிட்டது. ஆனால் 2021 மே மாதத்திலேயே அதனுடன் புல்லட், கிளாசிக் வகைகளையும் சேர்த்து 2,36,966 வண்டிகளைச் சோதனைக்குத் திரும்ப அழைக்க நேர்ந்தது. பேட்டரியின் 12 வோல்ட் மின்னழுத்தத்தைப் பல ஆயிரம் வோல்ட்டாக உயர்த்தி, ஸ்பார்க் பிளக்கில் தீப்பொறி எழச் செய்யும் ‘இக்னிஷன் காயில்’ என்னும் சுருளில் இருந்த குறையே இதற்குக் காரணம். அக்குறையால் எஞ்சின் சீராக எரியாமல் திணறும். அரிதாக மின்கசிவும் நேரலாம்.

இவ்வாறு குறையுள்ள வண்டிகளைத் திரும்பப் பெற்றுச் சரிசெய்து தருவதற்கு ‘ரீகால்’ என்று பெயர். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தால் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 110ஏ பிரிவு, அதற்கு உத்தரவிடும் அதிகாரத்தை அரசுக்கு அளிக்கிறது.

பாம்பன் பாலம் முதல் தனுஷ்கோடி அரிச்சல்முனை வரையான கடற்கரையில் வீசும் உப்புக் காற்று, மின் இணைப்புகளிலும் சங்கிலியிலும் துருவை விரைவுபடுத்துவதால், சிறு குறையும் இக்கரையில் பெரிதாகிவிடும். ஆகவே, வண்டியை நல்ல தண்ணீரில் அடிக்கடி கழுவி உலர்த்துவதும், சேசிஸ் எண்ணைக் கொடுத்து ரீகால் உண்டா என விற்பனையகத்தில் கேட்டறிவதும் உயிர்காக்கும் கடமைகளாகும்.