ஒரு பருவத்தில் நம் பிள்ளைகள் கற்றது என்ன?

(பங்கின் பொன்விழாவையொட்டி, முதற் பருவத் தேர்வு முடிந்த வாரத்தில் நடைபெற்ற பெற்றோர் கூட்டத்தில், நம் தொடக்கப் பள்ளி ஆசிரியைகள் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)



பள்ளியைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசுங்கள் என்று விழாக் குழுவினர் கேட்டபோது, கட்டடம் எழும்பிய கதையையும், இங்கே படித்துப் பெரிய பதவிகளுக்குப் போனவர்களின் பெருமையையும் சொல்லலாம் என்றுதான் முதலில் எண்ணினோம். ஆனால் சென்ற வாரம் பள்ளி வாசலில் ஒரு தாயார் கேட்ட கேள்வி எங்கள் எண்ணத்தை மாற்றிவிட்டது. "நாலு மாசமா வர்றா டீச்சர். பாட்டுப் பாடுறா, குச்சி அடுக்குறா, படம் வரையுறா. அப்படி என்னதான் படிச்சா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. ஆனால் அவர் கையில் மாற்றுச் சான்றிதழ் கேட்கும் விண்ணப்பம் இருந்தது. நியாயமான கேள்வி. அதற்கு வாசலில் நின்றுகொண்டு பதில் சொல்ல முடியாது என்பதால் இங்கே சொல்ல வந்திருக்கிறோம்.

2012-13 கல்வியாண்டு முதல் நம் மாநிலத்தில் தொடக்க வகுப்புகளுக்கு முப்பருவ முறை நடந்து வருவதை அறிவீர்கள். ஆண்டு முழுவதற்கும் ஒரே தடித்த புத்தகத்தைச் சுமந்த காலம் போய், ஒரு பருவத்துக்குரிய பாடம் அந்தப் பருவத்தோடு முடிகிறது. முதற் பருவம் ஜூனில் தொடங்கிச் செப்டம்பரில் முடியும். நம் கடற்கரையில் அந்த ஜூன் எப்படிப்பட்ட மாதம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கடலுக்குள் இறங்குகிற நாட்களில்தான் பிள்ளைகள் பள்ளிக்குள் வருகிறார்கள். ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்குத் தமிழ், ஆங்கிலம், கணக்கு, சூழ்நிலையியல் என நான்கு பாடங்கள். மூன்றாம் வகுப்புக்கு வந்தால்தான் அறிவியலும் சமூக அறிவியலும் தனித்தனியாகப் பிரியும்.

இரண்டாம் வகுப்பையே எடுத்துக்கொள்வோம். தமிழில் இந்த நான்கு மாதங்களில் நடந்த பெரிய காரியம் ஒன்று உண்டு. 'கொடி' என்ற சொல்லைப் பாருங்கள். 'கொ' என்று வாயால் சொல்லும்போது முதலில் 'க்' ஒலிக்கிறது, பிறகு 'ஒ' வருகிறது. ஆனால் எழுத்தில் ஒற்றைக் கொம்பு முன்னால் நிற்கிறது, ககரம் நடுவில், துணைக்கால் பின்னால். காதில் கேட்கும் வரிசை ஒன்று, கண்ணில் படும் வரிசை வேறு. பெரியவர்களாகிய நமக்கு இது ஒரு பொருட்டே அல்ல. ஆறு, ஏழு வயதுப் பிள்ளைக்கு இது ஒரு மலை. ஜூன் மாதத்தில் கொம்பைத் தனியாகவும், ககரத்தைத் தனியாகவும், காலைத் தனியாகவும் பார்த்துத் திகைத்து நின்ற பிள்ளைகளில் பெரும்பாலோர் செப்டம்பரில் மூன்றையும் ஒரே பார்வையில் வாரி எடுத்து வாசிக்கிறார்கள். மார்க் அட்டையில் இதற்கென்று ஒரு கட்டம் கிடையாது.

வாசிப்பு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். வீட்டில் பிள்ளை செபப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு விரலை ஓட்டி மளமளவென்று சொல்வதைக் கேட்டு, "நல்லா வாசிக்கிறான்" என்று மகிழ்ந்து போகிறீர்கள். நாங்களும் ஏமாந்ததுண்டு. விரலைக் கவனித்துப் பாருங்கள். வாய் மூன்றாம் வரியில் இருக்கும், விரல் முதல் வரியிலேயே நிற்கும். அது வாசிப்பு அல்ல, மனப்பாடம். மனப்பாடமும் நல்லதுதான், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் வாசிக்கத் தெரியுமா என்று அறிய வேண்டுமானால் பக்கத்தின் நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு, "இது என்ன?" என்று கேளுங்கள். மீன் பொதிந்து வந்த செய்தித்தாளைக் காட்டிக் கேளுங்கள். அப்போது உண்மை தெரியும்.

இதையொட்டி ஒரு சுவையான சம்பவம். மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி தன் பாட்டியின் பழைய செபப் புத்தகத்தைப் பள்ளிக்குக் கொண்டு வந்தாள். தமிழ் எழுத்துச் சீர்திருத்தம் 1978-இல் அரசாணையாக வருவதற்கு முன் அச்சான புத்தகம். அதில் லை, ளை, ணை, னை எல்லாம் முன்னால் யானைத் துதிக்கை போல வளைந்து நிற்கும். வகுப்பே கூடி நின்று விழித்தது. அன்று மாலை அழைத்துப் போக வந்த பாட்டியம்மாளே பாயில் உட்கார்ந்து அந்த எழுத்துகளைச் சொல்லிக் கொடுத்தார். எங்களுக்கு அன்று அரை மணி நேரம் ஓய்வு!

கணக்குக்கு வருவோம். தமிழில் 'பதினான்கு' என்று சொன்னால் பத்து முன்னால் வருகிறது, நான்கு பின்னால் வருகிறது. 14 என்று எழுதும்போதும் அதே வரிசைதான். ஆங்கிலத்தில் 'ஃபோர்ட்டீன்' என்கிறோம். நான்குதான் முதலில் காதில் விழுகிறது. அதைக் கேட்டு 41 என்று எழுதும் பிள்ளைகளை நாங்கள் பார்த்திருக்கிறோம். ஆங்கிலத்தில் எண்களைச் சொன்னால்தான் கணக்கு வரும் என்று நினைப்பவர்கள் இதைச் சற்று யோசிக்க வேண்டும். தமிழிலும் ஒரு மேடு இருக்கிறது, மறைக்கவில்லை. எண்பத்தொன்பது வரை தங்குதடையின்றி வரும் பிள்ளை அடுத்து என்ன என்று கேட்டால் 'எண்பத்திப் பத்து' என்கிறது, அல்லது 'ஒம்பது பத்து' என்கிறது. பிள்ளையின் கணக்கு சரிதான். நம் மொழிதான் அந்த இடத்தில் வழக்கத்தை மாற்றி, தொண்ணூறு என்று நூறை இழுத்து வைத்துப் பேசுகிறது. அப்படிச் சொல்லும் பிள்ளையை நாங்கள் கண்டிப்பதில்லை, சிரிப்பதுமில்லை.

இனி, குச்சி அடுக்குவது. பத்துக் குச்சிகளை ரப்பர் வளையம் போட்டு ஒரு கட்டாக்குகிறோம். 42 என்றால் நாலு கட்டு, இரண்டு உதிரி. 42-இலிருந்து 17-ஐக் கழி என்றால், குச்சி தொடாத பிள்ளை பெரும்பாலும் 35 என்று எழுதும். ஏழிலிருந்து இரண்டு போனால் ஐந்து, நாலிலிருந்து ஒன்று போனால் மூன்று என்று, எங்கே பெரிய எண் கண்ணில் படுகிறதோ அதிலிருந்து சிறியதைக் கழித்துவிடும். குச்சியைக் கையில் வைத்திருக்கும் பிள்ளைக்கு அப்படிச் செய்ய முடியாது. இருப்பது இரண்டு உதிரி, கொடுக்க வேண்டியது ஏழு. ஒரு கட்டை அவிழ்த்தே ஆக வேண்டும். ரப்பர் வளையத்தை அவிழ்க்கும் அந்தக் கணத்தில்தான் கணக்கு உள்ளே போகிறது. முன்பெல்லாம் இதைக் 'கடன் வாங்கிக் கழித்தல்' என்றே சொல்லிக் கொடுத்தோம். இப்போது 'பத்தைப் பிரித்தல்' என்கிறோம். வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுக்காத ஒரே இடம் கணக்குப் பாடம்தான், அதை ஏன் சிறு வயதிலேயே பழக்க வேண்டும் என்று எங்களில் ஒருவர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

இந்தப் பருவத்தில் நாங்கள் தவறிய ஓர் இடத்தையும் உங்கள் முன் சொல்லிவிடுகிறோம். இரண்டாம் வகுப்பில் ஒரு பையன் இரண்டு மாதமாகக் கழித்தல் கணக்கில் ஒன்றும் எழுதவில்லை. சிலேட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். மந்தமான பிள்ளை என்று நாங்களே முடிவு கட்டி, பின் வரிசையில் ஒதுக்கிவிட்டோம். ஒரு நாள் அவனுடைய பாட்டியை அழைத்துச் சொன்னோம். அந்த அம்மாள் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "டீச்சர், கரையில இவன் இல்லாம எனக்குச் சில்லறைக் கணக்கே ஓடாது. நீங்க என்னத்தக் கேட்டீங்க, இவன் என்னத்தச் சொல்லல?" என்றார். அவனை அழைத்து, "முந்நூற்றி எண்பது ரூபாய்க்கு மீன், ஐந்நூறு ரூபாய் நோட்டு, மீதி எவ்வளவு?" என்று கேட்டோம். யோசிக்காமல் "நூத்தி இருவது" என்றான். எப்படி என்றால், "ஒரு இருவது சேர்த்தா நானூறு, அதுக்கு மேல ஒரு நூறு" என்றான்.

அவன் கழிக்கவில்லை, ஏறிப் போகிறான். கரையில் எல்லோரும் செய்வது அதுதான். அதே வழியில் 17-இலிருந்து 42-க்கு ஏறிப் போகச் சொன்னோம். மூன்று சேர்த்து இருபது, இருபது சேர்த்து நாற்பது, இன்னும் இரண்டு. ஆக இருபத்தைந்து. சிலேட்டில் முதன்முதலாக விடை எழுதினான். அவனுக்குக் கணக்குத் தெரியாமல் இல்லை. எங்களுக்குக் கேட்கத் தெரியவில்லை. இப்போது அவன் முன் வரிசையில் இருக்கிறான். எழுத்தில் இன்னும் பின்தங்கித்தான் இருக்கிறான், அதையும் மறைக்கவில்லை.

ஆங்கிலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தமிழில் 'பந்து' என்பதன் பகரமும் 'தம்பி' என்பதன் பகரமும் ஒரே எழுத்து, ஓசைதான் வேறு. ஆங்கிலத்தில் அவற்றுக்கு இரண்டு எழுத்துகள். ஆகவே நம் பிள்ளைகள் 'பி' எழுத்துகள் இரண்டையும் மாற்றி எழுதுவது இயல்பு. இந்தப் பருவத்தில் கேட்பதும், பார்த்துச் சொல்வதும், சிறு சொற்களை வாசிப்பதும்தான் நோக்கம். சரளமாகப் பேசுவார்கள் என்று நாங்கள் வாக்குக் கொடுக்கவில்லை. அப்படிக் கொடுக்கிறவர்களை நம்ப வேண்டாம்.

சூழ்நிலையியலில் திசைகள் வந்தன. மற்ற ஊர்களில் சூரியனைக் காட்டித் தொடங்குவார்கள். இங்கே மேற்கே இருந்து வருவது கச்சான், வடக்கே இருந்து வருவது வாடை, கிழக்கே இருந்து வருவது கொண்டல் என்று பிள்ளைகளே எங்களுக்குச் சொன்னார்கள். உடலைப் பற்றிய பாடத்தோடு, யார் தொடலாம், யார் தொடக்கூடாது, யாரிடம் வந்து சொல்ல வேண்டும் என்பதையும் கற்பிக்கிறோம். வீட்டில் பிள்ளை அதைப் பற்றிப் பேசினால் வாயை அடைக்காதீர்கள், தாய்மார்களே.

தகவல்களைத் திரட்டி அட்டவணையாக்குவதும் கணக்குப் பாடத்தில் ஒரு பகுதி. நேற்று வீட்டில் என்ன குழம்பு என்று கேட்டு, சாளை, நெத்திலி, பாறை என்று கரும்பலகையில் எழுதி, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கோடு போட்டோம். கச்சான் பலமாக வீசி வள்ளங்கள் கரையிலேயே கிடந்த வாரம் அது. ஐந்து பிள்ளைகள் எந்தப் பெயரிலும் கோடு போட வரவில்லை. கேட்டபோது ஒருத்தி, "வெறுங்கஞ்சி டீச்சர், அதை எதுல போடணும்?" என்றாள். கஞ்சிக்கும் ஒரு வரிசை ஒதுக்கினோம். அன்று அட்டவணையிலிருந்து கற்றுக்கொண்டவர்கள் நாங்கள்தான். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2024 ஜூலை 15 முதல் ஊரகப் பகுதிகளிலுள்ள அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் வந்தது. அது வந்த பிறகு முதல் இரண்டு பிரிவேளைகளில் பிள்ளைகளின் முகமே வேறாக இருக்கிறது. எந்தப் பாட நூலாலும் செய்ய முடியாத காரியம் அது.

வீட்டுப் பாடம் ஏன் இல்லை என்று பலர் கேட்கிறீர்கள். ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கு வீட்டுப் பாடம் கொடுக்கக் கூடாது என்று 2018-இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அவ்வகுப்புப் பிள்ளைகளின் பை ஒன்றரைக் கிலோவுக்கு மேல் இருக்கக்கூடாது என்று மத்திய அரசும் அதே ஆண்டில் அறிவுறுத்தியது. பையின் கனத்தைப் பார்த்துப் படிப்பை எடை போடுவது நம்மிடையே ஊறிப்போன பழக்கம். ஊருக்குள் வந்து போகும் வேனில் ஏறுகிற பைகள் நிச்சயமாக இதைவிடக் கனம்தான்.

எங்களால் ஆகாததையும் சொல்கிறோம். நோய்த் தொற்றுக் காலத்தில் மூடப்பட்ட தொடக்க வகுப்புகள் 2021 நவம்பர் 1-இல் திறந்தபோது, ஒரு நாள்கூட வகுப்பில் உட்காராத பிள்ளைகள் இரண்டாம் வகுப்பில் இருந்தார்கள். அந்த இழப்பை ஈடுசெய்யவே 2022 ஜூனில் அரசு 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைத் தொடங்கியது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலையறிந்து கற்பிப்பது அதன் வழி. அந்த முறையில் நிலை பார்த்துக் கற்பிக்கும்போது ஒவ்வொரு நாளும் ஒரு படி. பனிமய மாதா திருவிழாவுக்கு ஜூலை 26-இல் கொடியேறினால் ஆகஸ்ட் 5 வரை நம் வகுப்புகளில் பாதி காலி. திருவிழாவுக்குப் போக வேண்டாம் என்று சொல்லும் துணிச்சல் எங்களுக்கு இல்லை, நாங்களும் போகிறவர்கள்தான். ஆனால் ஒரு மாலை போய் வந்தால் போதாதா? பதினொரு நாளும் உறவினர் வீட்டில் தங்கிவிட்டுத் திரும்பும் பிள்ளை, அவிழ்த்த கட்டை மறந்துவிட்டு மறுபடி 35 என்று எழுதுகிறது.

இன்னொன்று. கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்குப்படி அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், அதற்கு மேல் சென்றால்தான் மூன்றாமவர். நாம் அந்தக் கோட்டின் மேலேயே நின்றுகொண்டிருக்கிறோம். இரண்டு வீடுகள் பிள்ளையை எடுத்துவிட்டால், மீதமுள்ள ஐந்து வகுப்புகளையும் இருவர் பங்கிட வேண்டும்.

வரும் வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு இரண்டாம் வகுப்பில் பாய் விரித்து வைத்திருப்போம். அவரவர் பிள்ளையின் பக்கத்தில் உட்காருங்கள். எந்தப் பக்கத்தை வாசிப்பது, எந்தக் கணக்கைப் போடுவது என்று நீங்களே சொல்லுங்கள், நாங்கள் வாய் திறக்க மாட்டோம். அந்தத் தாயார் கொடுத்த விண்ணப்பம் எங்கள் மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது. பதிவேட்டில் இன்னும் ஏற்றவில்லை. வெள்ளிக்கிழமை பார்த்துவிட்டு அவரே சொல்லட்டும்.