இருக்குமிடம் யாருக்குத் தெரியவேண்டும்?

ஊர்த் தபாற்காரர் எல்லோருடைய முகவரியையும் அறிவார். அதனை ஒருவரும் குறையாகக் கொள்வதில்லை. கடிதம் வந்து சேரவேண்டுமாயின் அவர் அறிந்தே ஆகவேண்டும். ஆனால் அவரே ஒவ்வொருவர் பின்னாலும் நடந்து, இன்னார் இத்தனை மணிக்கு இன்ன வீட்டிற்குச் சென்றார், இன்ன வைத்தியரைக் கண்டார் என்று குறிப்பேட்டில் எழுதிவைப்பாராயின் ஊர் பொறுக்குமா? இன்று கணினியையும் கையடக்கத் தொலைபேசியையும் பற்றி எழுந்துள்ள வினா இத்தகையதே.

கணினியின் உறுப்புக்கள் யாவற்றையும் ஒழுங்குபடுத்தி இயக்கும் அடிப்படை மென்பொருளுக்குப் பணிசெயல் முறைமை என்று பெயர். கையடக்கத் தொலைபேசியும் ஒரு சிறு கணினியே. அதற்கும் அத்தகைய முறைமை உண்டு. அது தான் இருக்கும் இடத்தைப் பெரும்பாலும் மூன்று வழிகளால் அறிகின்றது. செய்மதிகளின் சமிக்ஞை ஒன்று. அண்மையிலுள்ள தொலைபேசிக் கோபுரங்கள் மற்றொன்று. அயலிலுள்ள வைஃபை கருவிகளின் அடையாளங்கள் பிறிதொன்று. இவற்றால் புதிய ஊருக்குச் சென்றவர் வழி அறிகின்றார். தொலைந்த தொலைபேசியைத் தேடவும் முடிகின்றது. இந்நன்மையை எவரும் மறுக்கார்.

தீங்கு, அறிந்ததைச் சொல்லாமற் சேர்த்துவைப்பதிலே தொடங்குகின்றது. 2011ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், அலஸ்டெயர் அலன், பீட் வோடன் என்னும் இருவர், ஐபோனில் மறைந்திருந்த ஒரு கோப்பினை வெளிப்படுத்தினர். தொலைபேசி சென்றுவந்த இடங்களை ஏறத்தாழ ஓராண்டுக் காலத்திற்குக் காட்டவல்லதாய் அது இருந்தது. பூட்டப்படாமலே உரியவரின் கணினியிலும் படியெடுக்கப்பட்டது. அப்பிள் நிறுவனம், தான் எவரையும் பின்தொடரவில்லை என்றும், அக்கோப்பு அயலிலுள்ள கோபுரங்கள், வைஃபை கருவிகள் ஆகியவற்றின் பட்டியலே என்றும் விளக்கிற்று. எனினும், நெடுங்காலம் சேமித்ததும், இட அறியும் வசதியை நிறுத்திய பின்னரும் சேகரித்ததும் பிழையென ஒப்புக்கொண்டு, அடுத்த மாதமே திருத்தம் செய்தது.

2018இல் அசோசியேட்டட் பிரெஸ் செய்தி நிறுவனம் இன்னொன்றை வெளியிட்டது. கூகிளின் ‘இட வரலாறு’ என்னும் பதிவை ஒருவர் நிறுத்தியபோதிலும், வேறொரு அமைப்பின் வாயிலாக அவர் இருக்குமிடம் பதிவாகிக்கொண்டே இருந்தது. இதன் தொடர்பில் 2022இல் ஐக்கிய அமெரிக்காவின் 40 மாநிலங்களுடன் செய்துகொண்ட இணக்கத்தின்படி, அந்நிறுவனம் 39 கோடி 15 இலட்சம் டொலர் செலுத்த உடன்பட்டது.

‘பெயரை நீக்கிவிட்டால் தீங்கில்லையே’ எனச் சிலர் கூறுவர். 15 இலட்சம் பேரின் தொலைபேசிப் பதிவுகளை ஆராய்ந்து 2013இல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு விடை தருகின்றது. ஒருவர் இருந்த இடமும் நேரமும் நான்கு தெரிந்தாற் போதும். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேரின் தடத்தை ஏனையோரின் தடங்களிலிருந்து பிரித்தறியலாம். இரவில் தங்குமிடம் வீடு. பகலில் தங்குமிடம் தொழிலகம். வாரந்தோறும் செல்லும் வழிபாட்டிடம் சமயத்தைச் சொல்லும்; அடிக்கடி செல்லும் மருத்துவமனை நோயைச் சொல்லும். இடம் அறிதல் வாழ்க்கையை அறிதலாகவே முடிகின்றது.

ஆகவே, தொலைபேசி வைத்திருப்போர் அதன் அமைப்புப் பகுதியைத் திறந்து, எச்செயலிகள் தம் இருப்பிடத்தை அறிகின்றன என்று பார்த்தல் வேண்டும். வழிகாட்டும் செயலிக்கு, அதனைப் பயன்படுத்தும் பொழுதில் மட்டும் அனுமதி அளித்தல் போதும். விளையாட்டுச் செயலிக்குப் பெரும்பாலும் அதுவும் வேண்டா. ஆனால் பொறுப்பு முழுவதையும் பயன்படுத்துவோர் தலையிற் சுமத்துதல் நீதியன்று. கேட்டபின் எடுத்தலும், தேவை முடிந்தபின் அழித்தலும், நிறுத்து என்றால் நிறுத்துதலும் முறைமையை ஆக்குவோரின் கடமையாகும். தபாற்காரருக்கு முகவரி போதும், குறிப்பேடு வேண்டியதில்லை.