பிள்ளையை ஊருக்கு அனுப்ப வேண்டாம்

(சங்கத்தின் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூலி, ரேஷன், குடியிருப்பு என்று பேசுவதற்காக இந்த மேடையில் பலமுறை கூடியிருக்கிறோம். இன்று நம் லைன் வீடுகளில் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். கால் நடக்காத பிள்ளை, காது கேளாத பிள்ளை, பத்து வயதாகியும் பேச்சு வராத பிள்ளை. நம் குடும்பங்களில் இவர்கள் கொஞ்ச நாள் இருப்பார்கள். பிறகு ஒருநாள் ராத்திரி பஸ்ஸில் தருமபுரிக்கோ திருவண்ணாமலைக்கோ ஆயாவிடம் போய்விடுவார்கள்.

அனுப்புகிறவர்கள் சொல்லும் காரணம் பொய்யல்ல. பத்துக்குப் பத்து அறை. அப்பா சாரத்தின் மேலே, அம்மா நாலு வீட்டு வேலையில். அதோடு, "சர்டிபிகேட் ஊரில் வாங்கியது, இங்கே செல்லாது" என்று ஒரு பேச்சும் சேர்ந்துகொள்கிறது.

அந்தப் பேச்சு தவறு. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 58-ஆவது பிரிவு, இந்தச் சான்றிதழ் நாடு முழுவதும் செல்லும் என்று எழுதி வைத்திருக்கிறது. தருமபுரியில் வாங்கியது பெங்களூரிலும் செல்லும். எந்த மேசையிலாவது "தமிழ்நாட்டுச் சீட்டா, அங்கேயே போ" என்றால், பிரிவின் எண்ணைச் சொல்லுங்கள். "எழுத்தில் கொடுங்கள்" என்று கேளுங்கள். எழுத்தில் கேட்டால் பலருக்குப் பேனா ஓடாது!

இந்த உரிமை யாரோ இரக்கப்பட்டுக் கொடுத்ததல்ல. 1995 டிசம்பர் 19-ஆம் தேதி மாற்றுத்திறனாளிகள் தில்லியில் நாடாளுமன்றத்துக்கு முன் திரண்டார்கள். மூன்றே நாளில், 22-ஆம் தேதி, முதல் சட்டம் நிறைவேறியது. அதில் 7 வகை ஊனங்கள்தான் இருந்தன. 2016 சட்டத்தில் 21 வகை. 40 சதவீதமும் அதற்கு மேலும் ஊனம் என்று சான்று பெற்ற பிள்ளைக்கு 6 வயது முதல் 18 வயது வரை பக்கத்துப் பள்ளியிலோ, விரும்பினால் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி உண்டு. "எங்களிடம் வசதி இல்லை" என்று தலைமையாசிரியர் சொல்வதோடு அந்த உரிமை தீர்ந்துவிடாது.

உதவித்தொகை விஷயம் மட்டும் வேறு. அது மாநிலத்துக்கு மாநிலம் தனி. இங்கே வாங்க இங்கே குடியிருப்பதற்குச் சான்று வேண்டும்; இரண்டு பக்கமும் வாங்க முடியாது. ஊரில் வரும் பணத்துக்காகவே பிள்ளையை அங்கே விட்டிருப்பவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதம் ஒருமுறை வரும் அந்தப் பணம் பிள்ளைக்குப் பேச்சு கற்றுக் கொடுக்குமா? கால் மடங்கிப்போகாமல் காக்குமா?

அதைச் செய்யும் இடங்கள் இந்த ஊரில் இருக்கின்றன. நம் ஜனம் நெருக்கமாக வாழும் லிங்கராஜபுரத்திலேயே ஏ.பி.டி. என்ற ஊனமுற்றோர் சங்கம் இருக்கிறது. தாமே உடல் ஊனத்தோடு வாழ்ந்த என்.எஸ். ஹேமா அம்மையார் 1959-இல் தொடங்கியது. அந்தப் பக்கமே ஹென்னூர் ரோட்டில் பேச்சுக்கும் காதுக்கும் டாக்டர் எஸ்.ஆர். சந்திரசேகர் நிறுவனம். ஜெயநகர் தாண்டினால் ஜே.பி. நகரில் 1994-இல் தொடங்கிய மொபிலிட்டி இந்தியா, செயற்கைக் காலும் காலிப்பரும் செய்கிற இடம். மனவளர்ச்சி, வலிப்பு என்றால் ஓசூர் ரோட்டில் நிம்ஹான்ஸ். ஆதாரில் கர்நாடக முகவரி இருந்தால், 2023 ஜூன் 11 முதல் அரசு பஸ்ஸில் தாய்க்கு டிக்கெட்டும் கிடையாது.

பேச்சுப் பயிற்சிக்குப் போகும் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பயிற்சியில் இங்கிலீஷ் என்று பிள்ளை குழம்பும். ஆகையால் தமிழை நிறுத்துங்கள் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இரண்டு மொழி கேட்பதால் இப்படிப்பட்ட பிள்ளைகளின் பேச்சு கெடுவதில்லை என்று ஆராய்ந்து சொல்லியிருக்கிறார்கள். தாலாட்டிய மொழியில்தான் தாய் நிறையப் பேசுவாள். அவள் வாயை மூடினால் பிள்ளைக்கு என்ன மிஞ்சும்?

பிறவியிலும் நோயிலும் வந்த ஊனம் மட்டுமல்ல, இந்த நகரம் உண்டாக்கிய ஊனமும் நம்மிடம் உண்டு. சாரம் சரிந்து முதுகெலும்பு முறிந்தவர்களை மேஸ்திரி ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டு, கையில் கொஞ்சம் பணத்தைத் திணித்து, ஊருக்கு ரயிலேற்றுகிறான். ஏறாதீர்கள்! வேலையில் அடிபட்டால் நஷ்டஈடு என்பது 1923-இலேயே சட்டமானது. கான்ட்ராக்டர் ஓடிவிட்டால் வேலை கொடுத்த பெரிய கம்பெனி பொறுப்பு. ஆனால் கேட்பதற்குக் கெடு உண்டு. வெற்றுத்தாளில் கைநாட்டு வைக்காமல் முதலில் சங்கத்துக்கு ஆள் அனுப்புங்கள். கட்டிடத் தொழிலாளர் நல வாரியத்தில் ஆண்டுக்கு 90 நாள் வேலை காட்டிப் பதிந்தவருக்கு ஊனத்துக்கான உதவியும் உண்டு. விழுந்த பிறகு பதிய முடியாது.

மெக்சிகோவில் அஹோயா என்ற மலைக்கிராமம். 1981-இல் அங்கே ஊனமுற்றவர்களே சேர்ந்து புரோஹிமோ என்ற பட்டறை தொடங்கினார்கள். காலிப்பர், சக்கர நாற்காலி எல்லாம் கிடைத்த பொருளில் தாங்களே செய்தார்கள். நம்மிடம் என்ன இல்லை? கொத்தனார், தச்சர், வெல்டர், கம்பி கட்டுபவர் எல்லாம் இந்தக் கூட்டத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். ஐ.டி. கம்பெனிகளின் வாசலில் சாய்தளம் போட்டது யார் கை? அதே கை, நம் சந்தில் ஒரு பிள்ளையின் வீட்டுப் படியில் அரை மூட்டை சிமெண்டில் சாய்தளம் போடலாம். பொதுக் கக்கூஸில் பிடித்து எழ ஒரு கம்பி வைக்கலாம். வீட்டுக்காரரிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். அதற்கும் சங்கம் வரும்.

வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்குச் சங்கக் கட்டிடத்தில் மேசை போடுகிறோம். ஆதார், போட்டோ, பழைய ஆஸ்பத்திரிச் சீட்டுகள் கொண்டு வாருங்கள். யு.டி.ஐ.டி. அட்டைக்குக் கம்ப்யூட்டரில் மனு போட நம் பிள்ளைகள் இரண்டு பேர் இருப்பார்கள். மருத்துவக் குழு முன் போகும்போது கன்னடம் தெரிந்த ஒருவர் கூட வருவார். ஊரில் விட்டிருக்கும் பிள்ளைகளின் பெயரை இன்றே கிளைச் செயலாளரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.